விரதம் யாருடையது?

மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து செல்லும் பிள்ளைகளை வழியனுப்பும் இல்லங்கள் நம் சமூகத்தில் பெருகிவிட்டன. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் நெல்லும் மணிலாவும் பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்களின் பேரக்குழந்தைகள் இன்று அயல்நாடுகளில் ஆய்வு மாணவர்களாக இருக்கின்றனர். மகிழத்தக்க செய்தியே. ஆயின், வழியனுப்பும்போது அப்பிள்ளைகளிடம் நாம் ஒப்படைக்கும் விரதங்கள் உண்மையில் யாருடையவை என்னும் வினாவைப் பெரியோர் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாமும் எண்ணிப் பார்த்ததில்லை. நம் மகள் வயிற்றுப் பேத்திதான் எண்ண வைத்தாள்.

2024 செப்டம்பர் மாதம் அவள் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவுக்கு, உயிரியலில் ஓராண்டு ஆய்வு முதுகலைப் படிப்பிற்காகப் புறப்பட்டாள். புறப்படுமுன் ஊர் ஜினாலயத்திற்கு அழைத்துச் சென்றோம். பகவான் திருமுன் நிறுத்தி, மது வேண்டாம், மாமிசம் வேண்டாம், தேன் வேண்டாம், கிழங்கு வேண்டாம், இருட்டியபின் உணவு வேண்டாம் என ஐந்தும் சொன்னோம். அவள் ஐந்திற்கும் தலையசைத்தாள். அத்தலையசைப்பையே விரதம் ஏற்றல் என்று கொண்டோம். பெட்டியில் பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, எள்ளுப்பொடி, புளி, அப்பளம் எல்லாம் அடுக்கினோம். நெய் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. பாலையும் பாலில் செய்த பொருள்களையும் நம் நாட்டிலிருந்து பயணிகள் கொண்டுசெல்ல அந்நாட்டில் தடையுண்டு.

வழியனுப்ப வந்த உறவினர் ஒருவர், "திக்விரதம் என்று ஒன்று இருக்கிறதே, கடல் கடக்கலாமா?" என்று கேட்டார். திசைதோறும் 'இதுவரை செல்வேன், இதற்கப்பால் செல்லேன்' என எல்லை வகுத்துக்கொள்ளும் குணவிரதம் அது. எல்லையை வகுப்பவர் விரதம் ஏற்பவரேயன்றி ஊரார் அல்லர். 1893 இல் சிகாகோவில் கூடிய சர்வ சமயப் பேரவைக்கு ஜைன சமயத்தின் சார்பில் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி சென்றார். அழைப்பு அவருடைய குருவாகிய ஆத்மாராம்ஜி மகராஜுக்கு வந்தது. துறவியாதலின் அவர் கப்பலேற இயலவில்லை. இல்லறத்தாராகிய சீடர் சென்றார். கடல் கடந்ததற்காக அவர்மீது குறை கூறியோரும் அன்று இருந்தனர். அந்த வழக்கு அத்தலைமுறையோடு தீர்ந்துவிட்டது என்பதே நம் கருத்து. உறவினருக்கும் அவ்வாறே சொல்லி அனுப்பினோம். 'எல்லையை வகுப்பவர் ஏற்பவரே' என்று நாம் சொன்ன சொல் நம் காதிலேயே விழவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

அவள் குடியேறியது கல்லால் கட்டிய பழைய நான்கடுக்குக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில் ஓர் அறை. சமையலறை ஐவருக்கும் பொது. முதல் நாளே இடர் வந்தது: பொது வாணலியில் பன்றி இறைச்சி வறுத்திருந்தார்கள். அவள் தனக்கென ஒரு வாணலி, ஒரு பாத்திரம், ஒரு மரக்கரண்டி வாங்கித் தன் பெயரெழுதி ஒட்டினாள். கடைப் பொருள்களின் அட்டைகளைப் படிக்கப் பழகினாள். பாலாடைக்கட்டி சிலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் உண்டு. தயிர் சிலவற்றில் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் உண்டு. ஈ 120 என்னும் சிவப்புச் சாயம் செதிற்பூச்சிகளை அரைத்து எடுப்பது. ஈ 904 அரக்கு. இவற்றையெல்லாம் ஒரு மாதத்திற்குள் மனப்பாடம் செய்துவிட்டாள். நம் ஊரில் எழுபதாண்டு வாழ்ந்த நாம் இவற்றில் ஒன்றையும் அறியோம். வீட்டில் வாங்கும் பிஸ்கோத்துப் பொட்டலத்தை அதன்பின் மூக்குக்கண்ணாடி அணிந்து படிக்கத் தொடங்கினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் கடையில் நின்றுகொண்டே தொலைபேசியில் அழைத்தாள். தாவரப் புரதத்தைக் கொண்டு கோழி இறைச்சி போலவே நிறமும் நாரும் சுவையும் வரச் செய்த பொருள் அங்கே விற்கிறதாம். உயிர்ப்பொருள் ஒரு துளியும் இல்லை. உண்ணலாமா என்று கேட்டாள். நாம் யோசிக்கவே இல்லை. யசோதர காவியக் கதையைச் சொன்னோம். தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்ட முடியாமல், உயிர்க்கோழிக்கு மாற்றாக மாவினால் கோழி செய்து பலியிட்ட யசோதர மன்னனும் அவன் தாயும் அந்த எண்ணத்தின் பயனாக எத்தனை விலங்குப் பிறவிகளில் உழன்றனர் என்பது நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்த கதையன்றோ! "புரிந்தது பாட்டி" என்று பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிட்டாள். நாம் பெருமிதம் கொண்டோம். அந்தக் கதை நம்மிடமே திரும்பி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

அக்டோபர் இறுதி ஞாயிறன்று அந்நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி பின்னே வைக்கின்றனர். அதன்பின் பொழுது விரைந்து சுருங்குகிறது. டிசம்பர் மாதப் பிற்பகுதியில் எடின்பரோவில் சூரியன் காலை ஏறத்தாழ 8.40க்கு உதித்து, பிற்பகல் ஏறத்தாழ 3.40க்கு மறைகிறது. நம் ஆன்றோர் உதயத்திற்குப் பின் இரண்டு நாழிகையும் அஸ்தமனத்திற்கு முன் இரண்டு நாழிகையும் விட்டு உண்ணச் சொல்வர். இரண்டு நாழிகை என்பது 48 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: காலை 9.28 முதல் பிற்பகல் 2.52 வரை; ஐந்து மணி 24 நிமிடமே உணவுக்குரிய காலம். ஆய்வுக்கூடத்தில் நிற்கும் பெண் அந்த ஐந்தரை மணியில் எப்போது சமைப்பாள், எப்போது உண்பாள்? ஜூனிலோ அதே ஊரில் சூரியன் இரவு பத்து மணிக்கு மறைகிறது. விதிப்படி ஒன்பது மணிக்கும் விருந்துண்ணலாம்! கடகரேகைக்குத் தெற்கே, ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஆறு மணிக்கு விளக்கேற்றும் ஊரில் வாழும் நமக்கு இரவுண்ணாமை எத்துணை எளிதாக வாய்த்தது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். நம் தவத்தால் அன்று, பூகோளத்தால் வாய்த்தது.

விதியின் உட்கருத்தைக் கொள்ளலாமே என்று சிலர் சொல்லக்கூடும். இருளில் விளக்கொளி நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியும் என்பதே முதற்காரணம். "இங்கே இந்தக் குளிரில் ஒரு கொசுவும் இல்லை பாட்டி" என்று அவளும் சொன்னாள். உண்மை. ஆனால் உணவின்மேல் உள்ள அவாவை அடக்குதல் என்ற இரண்டாம் காரணமும் உண்டே. அது கொசுவைச் சார்ந்ததன்று. வசதியானபோது சொல்லையும், வசதியற்றபோது கருத்தையும் பற்றிக்கொள்வது நேர்மையன்று. கடலுக்கு இப்பால் வயிறார உண்டுவிட்டு, அப்பால் இருப்பவளைப் பதினெட்டரை மணி நேரம் பட்டினி கிடக்கச் சொல்வதும் நேர்மையன்றே. இவ்விரண்டுக்கும் நடுவே நாம் நின்றோம். நின்றோம் என்பதைவிட, அவளை நிறுத்திவிட்டோம் என்பதே சரி.

ஈண்டு மற்றொரு பழைய வழியனுப்புதலை நினைவுகூர்தல் பொருந்தும். 1888 இல் பதினெட்டு வயது மோகன்தாஸ் காந்தி சட்டம் பயில லண்டன் செல்ல விரும்பியபோது, அன்னை புத்லிபாய் அஞ்சினார். குடும்பத்திற்கு அறிவுரை கூறிவந்த ஜைனத் துறவி பேச்சார்ஜி சுவாமி முன்வந்து, மது, மாது, மாமிசம் மூன்றையும் தீண்டேன் என்று அவரை உறுதிமொழி எடுக்கச் செய்த பிறகே அன்னை விடை கொடுத்தார். பம்பாயில் சாதித் தலைவர்கள் விலக்கி வைத்தனர். செப்டம்பர் 4 அன்று கப்பலேறினார். லண்டனில் பல வாரங்கள் அரைவயிறும் கால்வயிறுமாகக் கழிந்தன. புலால் உண்ணுமாறு வற்புறுத்திய நண்பர்களுக்கு அவர் கூறிய மறுமொழி ஒன்றே: வாக்குக் கொடுத்துவிட்டேன். உள்ளத்திலோ, இந்தியர் யாவரும் ஒருநாள் புலால் உண்ண வேண்டும், தாமும் உண்ண வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு அக்காலத்தில் இருந்தது. அதை அவரே தம் வரலாற்றில் மறைக்காது எழுதியுள்ளார். பின்னர் ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டுபிடித்தார். வயிறார உண்டார். அங்கே வாங்கிய ஹென்றி சால்ட்டின் நூலைப் படித்து முடித்தபோதுதான், தாமே தேர்ந்து மரக்கறி உணவினர் ஆனார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாது? அந்த நூலைப் படிக்கும் வரை அவர் காத்தது அன்னையின் விரதம். படித்த பின் காத்தது தம் விரதம். தட்டில் இருந்த உணவு இரண்டு காலத்திலும் ஒன்றே. முன்னது தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. அன்னைக்குக் கொடுத்த வாக்கு என்ற கயிறு இல்லாதிருப்பின், அந்த உணவகத்தைக் காணும் நாள் வரை அவர் தாக்குப்பிடித்திருக்க மாட்டார். ஆனால் கயிறு வழிகாட்டியாக மட்டுமே இருந்தது. முட்டை பற்றிய ஐயம் வந்தபோது அவர் செய்ததும் சிந்திக்கத்தக்கது. முட்டை மாமிசமன்று என்று அங்கே வாதிட்டோர் இருந்தனர். சில காலம் உண்டும் பார்த்தார். வாக்குறுதிக்குப் பொருள் சொல்லும் உரிமை அதைப் பெற்றவருக்கே, அன்னையின் நினைப்பில் முட்டையும் மாமிசமே என்று தெளிந்து விட்டுவிட்டார். சொல்லின் சந்துபொந்துகளில் நுழைந்து தப்பவில்லை.

நிற்க. ஞாயிறுதோறும் பேத்தியுடன் தொலைபேசியில் பேசுவது வழக்கம். நாம் கேட்கும் முதற்கேள்வி "என்ன சாப்பிட்டாய்?" இரண்டாவது "எத்தனை மணிக்கு?" அவளும் "எல்லாம் சரியாக நடக்கிறது பாட்டி" என்பாள். 2025 ஜனவரியில் ஒரு ஞாயிறு, இரண்டாம் கேள்விக்குப் பின் நெடுநேரம் ஒலியில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினோம். பிறகு சொன்னாள்: நவம்பர் நடுவிலிருந்து இரவு ஏழு மணிக்குத்தான் உண்கிறாள், எட்டு வாரமாக நம்மிடம் பொய் சொல்லி வந்திருக்கிறாள்.

பசி தாளாமல் அன்று. பிற்பகல் ரொட்டியும் பழமும் உண்டு சமாளிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அங்கே ஏழு மணி உணவு வெறும் உணவன்று; அந்த வீட்டில் மனிதர் மனிதரோடு பேசும் நேரம் அது ஒன்றே. பகலில் அவரவர் வேலை. வெளியே மழையும் இருளும். ஏழு மணிக்கு ஐவரும் அந்தச் சிறு சமையலறையில் கூடுவார்கள். முதல் ஆறு வாரம் அவள் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் சிரிக்கும் ஒலியைக் கேட்டபடி இருந்திருக்கிறாள். ஒரு நாள் அவர்களில் ஒருத்தி கதவைத் தட்டி, உனக்காக இறைச்சி சேர்க்காமல் பருப்புச் சாறு செய்திருக்கிறேன், வா என்று அழைத்தாள். இவள் போனாள். கூட்டில் வளர்ந்த பிள்ளை; வேறென்ன செய்வாள்?

நாம் சினந்தோம். எட்டு வாரம் இரவில் உண்டதற்காகச் சினந்தோமேயன்றி, எட்டு வாரம் பொய் சொல்லியதற்காக நம் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஐந்து அணுவிரதங்களில் வாய்மை இரண்டாவது; கொல்லாமைக்கு அடுத்த இருக்கை. உணவு நேரத்துக்கு நாம் அதனினும் உயர்ந்த இருக்கை கொடுத்திருந்தோம் என்பதை அவள் நன்றாகக் கற்றிருந்தாள். அதனால்தான் பொய் சொன்னாள். பொய் சொல்லச் செய்தவர்க்கும் அதில் பங்குண்டு என்றே நம் நூல்கள் கூறும். செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் ஒன்றே.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த டிசம்பரில் அவளுடைய தாத்தாவுக்குக் கண்ணில் அறுவை நடந்தது. எதிர்பார்த்ததினும் தொல்லை மிகுந்து, மூன்று வாரம் பெரும்பாலும் கட்டுடன் இருந்தார். படிப்புக் கெடும் என்று அவளிடம் சொல்லவில்லை. "தாத்தா தூங்குகிறார்", "தாத்தா தோட்டத்திற்குப் போயிருக்கிறார்" என்று ஞாயிறுதோறும் சொல்லி வந்தோம். காந்தியடிகளின் அன்னை, மகன் லண்டனில் இருந்த காலத்திலேயே மறைந்தார்; தமையனார் அதை மறைத்துவைத்து, 1891 இல் அவர் கரையிறங்கிய பின்னரே சொன்னார். அன்பினால்தான். நாம் செய்ததும் அன்பினால்தான்; அவள் செய்ததும் அன்பினால்தான். கடலின் இரு கரையிலும் அன்பினால் பொய் நடந்துகொண்டிருந்தது. அந்த ஞாயிறு நாமும் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டோம். அவள் அழுதாள். பிறகு கோபித்துக்கொண்டாள். அதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்து என்ன செய்வது என்று ஆராய்ந்தபோது நம் மரபே ஒரு வழியை வைத்திருப்பதைக் கண்டோம். உயிருள்ளவரை ஏற்பது யமம். காலவரையறையோடு ஏற்பது நியமம். நாம் கோயிலில் அவள் தலைமேல் ஏற்றியது அத்தனையும் யமம். அவள் நிலையை அறியாமலே ஏற்றியது. "உன்னால் ஒரு மாதத்திற்கு எது முடியுமோ அதை நீயே வகுத்து, நீயே சொல்" என்றோம். சொல்வதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கூட, வீட்டுப்பாடத்தை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிப் பழகியதில்லை. மூன்று நாள் கழித்துச் சொன்னாள். சனி, ஞாயிறு இரு நாளும் அஸ்தமனத்திற்கு முன் உண்பது. மற்ற நாட்களில் மாலை ஆறுக்கு மேல் எதுவும் உண்பதில்லை. ஏழு மணிக்குத் தோழியரோடு வெந்நீர்க் கோப்பையுடன் அமர்வது. பிப்ரவரி இறுதி வரை. இதைக் கேட்ட நம் உறவினர், "ஆறு மணிக்கு அங்கே இருட்டிவிடுமே, இது என்ன விரதம்?" என்றார். இருட்டிவிடும்தான். மரபுவழி நோக்கின் குறையுடைய நியமமே. ஆனால் ஒருநாளும் தவறவில்லை. தவறியிருந்தால் சொல்லியிருப்பாள் என்று இப்போது நம்புகிறோம். மார்ச்சில் தானே நீட்டித்துக்கொண்டாள். ஜூன் வந்தது. பத்து மணி வரை வெளிச்சம். ஒன்பது மணி வரை உண்ண விதியே இடம் தருகிறது. அவள் ஆறு மணிக்கே தட்டைக் கழுவி வைத்துவிட்டாள். ஏன் என்று நாம் கேட்கவில்லை. உறவினரிடம் மட்டும் சொன்னோம்.

இனி, சொல்லத் தயங்கிய பகுதிக்கு வருவோம். அந்த ஜனவரி ஞாயிறன்று அவள் வேறொன்றும் கேட்டாள்: "நான் என்ன சாப்பிட்டேன் என்று நாலு மாதமாகக் கேட்கிறீர்களே பாட்டி, பகலெல்லாம் நான் என்ன செய்கிறேன் என்று ஒருநாளாவது கேட்டீர்களா?"

கேட்டதில்லை. ஏதோ உயிரியல் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அவள் ஆராய்வது, கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு பழ ஈயை. உயிர்களின் உடலுக்குள் பகலிரவை அளக்கும் ஒரு கடிகாரம் இயங்குகிறது. அது எப்படி இயங்குகிறது என்பது அந்த ஈயின் வாயிலாகவே பெரிதும் விளங்கியது. அதைக் கண்ட மூவருக்கு 2017 இல் நோபல் பரிசும் கிடைத்தது. கண்ணாடிக் குழாய் ஒவ்வொன்றிலும் ஓர் ஈ. ஒரு முனையில் உணவு. நடுவே கண்ணுக்குப் புலனாகாத ஒளிக்கதிர்; ஈ அதைக் கடக்குந்தோறும் கணிப்பொறி எண்ணிக்கொள்ளும். பெட்டிக்குள் 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருள். ஆய்வு முடிந்ததும், தேவைக்கு மேல் பெருகியவற்றையும், கரியமில வாயுவால் மயக்கி, சாராயப் புட்டியில் கொட்டிவிடுவார்கள். அவளும் கொட்டுகிறாள்.

அங்குள்ள சட்டம் இதைக் குற்றம் என்னாது. 1986 ஆம் ஆண்டின் சட்டம் முதுகெலும்புள்ள உயிர்களைக் காக்கிறது. பின்வந்த திருத்தங்களால் ஆக்டோபஸ், கணவாய் இனங்களும் சேர்ந்தன. ஈ அதில் இல்லை. நம் கணக்கோ முதுகெலும்பைப் பார்ப்பதன்று, அறிவை எண்ணுவது. புழு ஈரறிவு, எறும்பு மூவறிவு, வண்டும் ஈயும் நாலறிவு. கிழங்கைத் தோண்டினால் மடியும் ஓரறிவு உயிர்களுக்காக அவளை உருளைக்கிழங்கு உண்ணாதே என்றோம். நாலறிவு உயிரைப் பற்றிக் கேட்க மறந்தோம்.

அவள் விடவில்லை. "மாவுக் கோழியில் உயிர் இல்லை, எண்ணம் இருந்தது என்றீர்கள். என் குழாயில் உயிர் இருக்கிறது. துன்புறுத்தும் எண்ணம் எனக்கில்லை. நோய்க்கு மருந்து காணலாம் என்ற எண்ணம் இருக்கிறது. எது பெரிது பாட்டி?"

அன்று மறுமொழி சொல்ல இயலவில்லை. ஆகமம் கற்ற பெரியவர் இருவரை அணுகினோம். இல்லறத்தார்க்கு ஹிம்சை நால்வகை: கொல்வதற்கென்றே துணிந்து செய்யும் சங்கல்ப ஹிம்சை, வீட்டு வேலையில் நேரும் ஆரம்ப ஹிம்சை, தொழிலில் நேரும் உத்யோக ஹிம்சை, தற்காப்பில் நேரும் விரோத ஹிம்சை. முதலதை முற்றும் விட வேண்டும். மற்றவற்றைக் குறைக்க வேண்டும். ஒருவர், "படிப்பும் தொழிலே, ஆகவே உத்யோக ஹிம்சை" என்றார். மற்றவர், "உழவன் ஏர் ஓட்டுகையில் புழு சாகிறது, அது உத்யோகம், சாகும் என்று அறிந்தே வளர்த்து, எண்ணிக் கொட்டுவது சங்கல்பமே" என்றார். இருவரும் கற்றவர்.

நம் மனம் இரண்டாமவர் பக்கமே சாய்கிறது. உத்யோகம் என்று பெயர் வைப்பது எளிது. ஆனால் உழவனுக்குப் புழுவின் சாவு தேவையன்று, ஆய்வாளருக்கோ முன்னரே திட்டத்தில் எழுதப்பட்டது. துன்புறுத்தும் எண்ணமில்லை என்பதை ஏற்கிறோம். கொல்லும் எண்ணமில்லை என்பதை ஏற்க முடியவில்லை. அதே வேளையில், நாம் உண்ணும் ஒவ்வொரு மாத்திரையும் ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தின் வழியாக வந்ததே. தாத்தாவின் கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்து உட்பட. பயனை நாம் கொள்வோம், பாவத்தை அவள் கொள்ளட்டும் என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. மேலைநாட்டார் இதைச் சிந்தியாமலும் இல்லை. 1959 இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் ஆய்வு விலங்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, மாற்று வழி தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைக் குறைத்தல் என மூன்று நெறிகளை வகுத்தனர். அவள் இதை எடுத்துக்கொண்டு தன் பேராசிரியரிடம் சென்றாள். முனைவர் படிப்பைத் தொடர்வதாயின், முன்னரே பலர் பதிந்துவைத்த ஈக்களின் பதிவுகளைக் கணிப்பொறியில் ஆராய்வதாக அமைத்துக்கொள்ள இடமுண்டா என்று கேட்டாள். ஒரு பகுதி அவ்வாறு இயலும், முழுவதும் இயலாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பகுதிக்கு மேல் போவதா, படிப்பையே மாற்றுவதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. நம் கருத்து, மாற்றிக்கொள்வதே மேல் என்பது. அதை ஒருமுறை சொன்னோம், மறுமுறை சொல்லவில்லை.

ஏனெனில் நம் பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது. 1969 இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்றபோது, இயற்கைப் பாடத்திற்காகப் பூச்சித் தொகுப்பு ஒன்று செய்து தர வேண்டும். வண்ணத்துப்பூச்சி, தட்டான், பொன்வண்டு எல்லாம் பிடித்து, சாராயம் நனைத்த பஞ்சுள்ள கண்ணாடிச் சாடியில் அடைத்து, அசைவு நின்றதும் அட்டையில் குண்டூசியால் குத்தினோம். இறகு கிழியாமல் குத்துவதில் நமக்கு ஒரு கைத்திறன் இருந்தது. சிவப்பு மையில் 'மிக நன்று' கிடைத்தது. அக்காலத்தில் தந்தையார் வாரந்தோறும் விடுதிக்கு அஞ்சலட்டை எழுதுவார். விளக்கு வைக்குமுன் சாப்பிடுகிறாயா என்று தவறாமல் கேட்டிருப்பார். ஆம் என்று உண்மையாகவே மறுமொழி எழுதினோம். பொழுதிறங்குமுன் நமக்குத் தனியாகத் தட்டு வைக்க விடுதிச் சமையற்கார அம்மாள் ஒருநாளும் தவறியதில்லை. சாடியைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, நாம் எழுதவுமில்லை. பிற்பாடு முப்பத்து மூன்று ஆண்டு ஆசிரியப் பணியில் அறநூல் வகுப்புகள் எத்தனையோ எடுத்தோம். அந்தச் சாடி நினைவுக்கு வந்ததேயில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று இதை அவளிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தாள்.

"எத்தனை பாட்டி?"

"முப்பத்திரண்டு."

"இவ்வளவு காலம் கழித்து எண்ணிக்கை எப்படி நினைவிருக்கிறது?"

"குறைந்தது முப்பது வேண்டும் என்றார்கள். இரண்டு கூடுதலாக வைத்தோம்."

அவள் நகைக்கவில்லை. தானும் ஜனவரி முதல் ஒரு குறிப்பேட்டில் எண்ணி எழுதி வருவதாகவும், கலப்பு முறையைக் கவனமாகத் திட்டமிட்டதில் மாதந்தோறும் எண்ணிக்கை குறைந்து வருவதாகவும் சொன்னாள். எவ்வளவு என்று கேட்டோம். சொன்னாள், நம் முப்பத்திரண்டைப் போலப் பன்மடங்கு. பிறகு, தாத்தாவின் கண் எப்படி இருக்கிறது, உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். இடக்கண்ணில் இன்னும் சிறிது மங்கல் இருக்கிறது என்றோம். அவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.